ஏலாததை முதலில் சொன்ன அக்கா

எந்த வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னும் ஏலாததைத்தான், முடியாததைத்தான், அவர் முதலில் சொல்வார். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், மரக்கறிக் கடையும் நகைக்கடையும் பல் டொக்டரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற பிளாசாவின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு இந்தப் புறமாக அவருடைய பழைய வான் வண்டி நிற்கும். அதுதான் கடை. பின்கதவைத் தூக்கிவைத்துவிட்டு வானின் விளிம்பில் இருந்தபடி, வந்தவரை மேலும் கீழும் பார்ப்பார்.

“தம்பி, ஏலாததை முதல்ல சொல்லிப்போடுறன். சிக்னல் இல்லாத இடத்தில இந்தப் பெட்டி சிக்னலை உண்டாக்காது. கொஞ்சமெண்டாலும் இருந்தா அதைப் பெருப்பிச்சுத் தரும். அவ்வளவுதான். விளங்கினதோ?”

விளங்கியது என்றால் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும். வட அமெரிக்கா முழுக்கப் பெரிய லொறி ஓட்டுகிற, கழுத்தில் பெருவிரல் பருமனுக்குச் சங்கிலி போட்ட ஆட்களெல்லாம் அவருக்கு முன்னால் நின்று, “இல்லாததை உண்டாக்காது, இருக்கிறதைப் பெருப்பிக்கும்” என்று ஒப்புவித்ததை நான் கண்டிருக்கிறேன். ஒப்புவித்த பிறகுதான் ஏணி இறங்கும்.

வாகனங்களுக்கு செல்போன் பூஸ்டரைப் பொருத்தி, பூட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். கூரையில் ஒரு அன்ரெனா, உள்ளே ஒரு சின்ன அன்ரெனா, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி. கூரையில் இருப்பது தூரத்துக் கோபுரத்தின் மெல்லிய சிக்னலைப் பிடிக்கும், பெட்டி அதைப் பெரிதாக்கும், உள்ளே இருப்பது எங்கள் கைத்தொலைபேசிக்குக் கொடுக்கும். ரொறன்ரோவுக்குள் ஓடுகிறவர்களுக்கு இது தேவையில்லை. வடக்கே லொறி ஓட்டுகிறவர்கள், மீன்பிடிக்கப் போகிறவர்கள், கோடையில் காடு மேடென்று திரிகிறவர்கள்தான் அவரைத் தேடி வருவார்கள். தேவையில்லாதவர்கள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். நகரத்துக்கு வெளியே விட்பியிலிருந்து புதுக் காரோடு வந்த ஒருவரிடம் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “நீங்கள் வீட்டுக்கும் வேலைக்கும் கோயிலுக்கும்தானே ஓடுறியள். உதுக்கு இது வேண்டாம்.” அந்த மனிதருக்கு முகம் கறுத்துப்போயிற்று. தன் கார் பூஸ்டருக்குத் தகுதியில்லை என்று ஒரு பெண் சொல்லிவிட்டதாகப் பல நாள் புலம்பிக்கொண்டு திரிந்தார். அந்த மனிதர் நான்தான்.

அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சல்வார் மேற்சட்டைக்குக் கீழே ஜீன்ஸ், அதற்கு மேல் யாரோ ஆண்பிள்ளையின் பழைய குளிர்ச்சட்டை. கொண்டைக்குள் ஒரு பேனை. நெற்றியில் பொட்டு, அதற்கு மேல் தூக்கிவிட்ட மூக்குக்கண்ணாடி. ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் “முருகா” என்பார். கூரையில் ஏறி நின்ற பிறகு அந்தப் பயத்தின் சுவடே இருக்காது. எங்கள் சனத்துக்கு இது கண்ணில் குத்தியது. “பொம்பிளை லொறிக்கு மேல ஏறி நிக்கிறா” என்று பிளாசாவில் தேத்தண்ணி குடிக்கிற ஆண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பூட்டுவதற்கு அவரிடமே போவார்கள்.

முன்பு அவர் ஒரு தொழிற்சாலையில் சேர்க்கிட் போர்ட்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கிற பகுதியில் இருந்தவர். அவரோடு அங்கே வேலைசெய்த ஒரு அன்ரி சொன்ன கதை இது. ஒருநாள் வேலை முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும்போது, இவர் போய் மேற்பார்வையாளரிடம் தன் பெட்டியில் போன போர்ட்டுகளில் ஒன்று சரியில்லையென்று நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எது? தெரியாது. ஏன்? கை ஒருதரம் நடுங்கினது மாதிரி இருந்ததாம். முழுப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் பஸ் தவறியது. பிழை ஒன்றும் அகப்படவில்லை. “அண்டைக்கு அவவை நாங்கள் வாய்க்கு வந்தபடி பேசினம், ஆனா பிறகு ஒருத்தரும் அவவின்ர பெட்டியைத் திறந்து பாக்கேல்ல” என்றார் அன்ரி.

கலியாண விஷயங்களிலும் அவர் இப்படித்தான். மோர்னிங்சைட்டில் ஒரு குடும்பம் தங்கள் மகளுக்குப் பேசி வந்த மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம் விசாரித்தது. மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு நல்ல பழக்கம். “தங்கமான பிள்ளை. ஆனா ஏலாததை முதல்ல சொல்லிப்போடுறன், காலமை எழும்பாது. ஆர் எழுப்பினாலும் எழும்பாது” என்றிருக்கிறார். சம்பந்தம் குழம்பிப்போனது. அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் மாப்பிள்ளை விசாரிப்பதில்லை. அவரைச் சீண்டுவதற்காகவே கோயில் வாசலில் சிலர் “அக்கா, காலமை எழும்புற மாப்பிள்ளை ஒண்டு இருக்கோ?” என்று கேட்பார்கள். “தேடிப் பாத்திட்டு, இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுறன்” என்பார். முகத்தில் சிரிப்பிருக்காது.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத எனக்கு அருகதையில்லை. எழுதுவது வெட்கத்தில். நேரே போய்ச் சொல்லத் துணிவில்லாதவன் கடதாசியில் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோவிட் காலத்தில் ஆளுக்கு ஒரு பைத்தியம் பிடித்ததல்லவா, எனக்குப் பிடித்தது ஆர்வி. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே இருக்கிற நீட்டு வாகனம். யாரோ ஒரு வெள்ளைக்கார முதியவரிடம் பழையது ஒன்றை வாங்கி, விட்பியில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தினேன். “சொந்த வீட்டை மூடிப்போட்டு, தகர வீட்டை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டில படுக்கப்போறாராம்” என்று என் மனைவி தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாள். நான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். பதினொரு வருடமாக நானேதான். வேறு ஒருவரும் போட்டியிடுவதில்லை என்பது வேறு கதை. ஒவ்வொரு ஆடி மாதமும் சங்கத்துக் குடும்பங்கள் ஐந்தாறு சேர்ந்து வடக்கே நாலு மணித்தியால ஓட்டத்தில் ஒரு ஏரிக்கரைக்குப் போவோம். ஆர்வி வாங்கிய அடுத்த வருடமும் போக ஆயத்தமானோம். மனைவி மட்டும் வரமாட்டேன் என்றாள்.

அவளுடைய அம்மா ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோய் முற்றிவிட்டது. போய்ப் பார்க்க டிக்கெட் போட்டிருந்தாள், பயணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை தங்கை நாளுக்கு இரண்டு தரம் தொலைபேசியை அம்மாவின் காதில் வைப்பாள். இவள் இங்கிருந்து கதைப்பாள். அம்மாவால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. “சாப்பிட்டியோ” என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரு சொல்லுக்காக இவள் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பாள். ஏரிக்கரையிலோ சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும்.

செயலாளரின் மனைவி வராமல் சங்கத்துப் பயணமா? என் கௌரவம் என்னாவது? முன்பு முகம் கறுத்தவன், மறுபடியும் டோர்செட் பார்க்குக்குப் போனேன். இந்தத் தரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஆர்வியோடு.

அக்கா வாகனத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். போகிற இடத்தைக் கேட்டார். அங்கே முன்பு போனபோது எத்தனை கோடு வந்தது, எங்கே நின்றால் வந்தது என்று கேட்டார். மனைவி தன் அம்மாவின் கதையைச் சொன்னாள். அக்கா வழக்கமான பாடத்தை ஒப்புவிக்கச் செய்தார். பிறகு கண்ணாடியை இறக்கி என் மனைவியைப் பார்த்து, “அங்க ஒரு கோடு வருமெண்டு நீங்களே சொல்லுறியள். அப்ப இது எடுக்கும், பிள்ளை. நீங்கள் போகலாம்” என்றார்.

“எடுக்கும்” என்று அவர் ஒருவருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி அதையே சொன்னாள். “அவ ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லியிருப்பா. அவ எடுக்குமெண்டா எடுக்கும்.” அன்று சாயந்தரமே உடுப்பு அடுக்கத் தொடங்கினாள்.

பூட்ட மறுநாள் முழுவதும் பிடித்தது. ஆர்வியின் கூரை இரும்பில்லை, பிளாஸ்டிக் மாதிரியான ஒன்று. அதனால் பின்பக்கமாக ஒரு இரும்புத் தகட்டை ஒட்டி, அதன் மேல் ஒரு சாண் உயரக் கறுப்புக் குச்சியாக அன்ரெனாவை நிறுத்தினார். குளிர்சாதனப்பெட்டியின் காற்றுவழிக்குள்ளால் வயரை இறக்கினார். உள்ளே சின்ன அன்ரெனாவை முன்பக்கம், சாப்பாட்டு மேசைக்கு மேலே வைத்தார். இரண்டும் கிட்டக் கிட்ட இருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது கேட்டுப் பெட்டி குழம்பி நின்றுவிடும் என்றார். பிறகு ரூஜ் ஆற்றுப் பள்ளத்துக்குள் ஓட்டச்சொல்லி, பெட்டியை நிறுத்தியும் போட்டும் மனைவியின் போனில் காட்டினார். “கோட்டைப் பாக்காதேங்கோ பிள்ளை, கோடு சும்மா படம். உள்ளுக்க நம்பர் இருக்கு, அதைப் பாருங்கோ.” நூற்றுப் பதினைந்தில் நின்ற எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியது. குறைந்தால் நல்லதாம். மனைவி அந்த எண்ணைச் பரீட்சை மறுமொழி பார்த்த பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என்னை ஏணியில் ஏற்றி, கூரையைக் காட்டினார்.

“இந்தக் குச்சியைச் சுத்தி மூண்டு அடிக்குள்ள ஒண்டும் வைக்கக் கூடாது. இரும்போ அலுமினியமோ கிட்டவும் வரப்படாது. எங்க, சொல்லுங்கோ.”

சொன்னேன். கீழே நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் ஆட்கள் காட்டுக்குப் போனாலும் பாணும் சொசேஜும் தின்னமாட்டார்கள். ஏரிக்கரையில் சனிக்கிழமை மத்தியானம் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் ஆகவேண்டும். அது சங்கத்தின் எழுதாத சட்டம். அதற்கென்று சங்கத்திடம் ஒரு அலுமினியக் கிடாரம் இருக்கிறது. முப்பது பேருக்குச் சோறு அவிக்கலாம், குழந்தையைக் குளிக்க வார்க்கலாம். வருடா வருடம் யாராவது ஒருவரின் வானில் ஒரு இருக்கையைக் கழற்றித்தான் ஏற்றுவோம். அந்த வருடம் செயலாளரிடம் ஆர்வி இருக்கும்போது வேறொருவர் ஏற்றலாமா? வெள்ளிக்கிழமை காலை, அரிசி மூட்டையும் கூலர்களும் கதிரைகளும் ஏறிய பிறகு கிடாரத்துக்கு உள்ளே இடமில்லை. மனைவி வீட்டுக்குள் தங்கையோடு போனில் நிற்க, நான் அதைக் கூரைக்கு ஏற்றினேன். மழை வரும்போல இருந்ததால் வாயைக் கீழே கவிழ்த்தேன். அது வழுக்கியது. வழுக்காமல் இருக்க எதையாவது உள்ளே கொள்ள வைத்தால் நல்லது என்று பட்டது. கறுப்புக் குச்சி அதற்கென்றே நட்டது மாதிரி நின்றது.

அக்கா சொன்னது ஞாபகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. ஓடும்போது ஒருவருக்கும் கதைக்கத் தேவையில்லை, அங்கே போனதும் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். கிடாரத்தைக் குச்சியின் மேல் கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டிவிட்டு இறங்கினேன்.

போய்ச் சேரும்போது பின்னேரம். நல்ல மழை. எல்லோரும் கூடாரமடிக்க ஓடித் திரிந்தார்கள். அவர்களுக்குத் தார்ப்பாய் பிடித்து, விறகு நனையாமல் மூடி, செயலாளர் என்ற முறையில் ஆளாளுக்குக் கட்டளை போட்டு, நான் கிடாரத்தை அடியோடு மறந்துபோனேன். உள்ளே மனைவி சாப்பாட்டு மேசைக்கு மேலே ஏறாத குறையாக, அந்தச் சின்ன அன்ரெனாவுக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. போனில் ஒன்றுமில்லை.

“இஞ்சருங்கோ, ஒருக்கா வெளியால றோட்டுக்குப் போய்ப் பாப்பமே?” என்றாள்.

“உந்த மழைக்குள்ள ஆர்வியைத் திரும்பக் கிளப்பிறதோ? இப்பதான் மட்டம் பாத்து நிப்பாட்டினது.”

“ஆரின்ரையாவது காரில?”

“எல்லாரும் களைச்சுப்போய் நிக்கினம். அக்கா எடுக்குமெண்டவ தானே. மழை விட வரும்.”

அவள் அக்காவின் சொல்லை நம்பி அந்த மேசையிலேயே இருந்தாள். சாப்பிடவும் எழும்பவில்லை.

மறுநாள் காலை மழை விட்டது. சோறு போட வேண்டுமே என்று கூரையில் ஏறிக் கயிற்றை அவிழ்த்து, கிடாரத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கிய அந்தக் கணத்தில் எனக்குக் கீழே, வாகனத்துக்குள், மனைவியின் போன் அடிக்கத் தொடங்கியது. ஒன்றல்ல. முதல் நாள் பின்னேரத்திலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. நான் கிடாரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு அவளுடைய குரல் கேட்டது. அந்தக் குரலை நான் எழுதப் போவதில்லை.

அம்மாவுக்குக் கடைசியாக நல்ல நினைவு வந்திருக்கிறது. இரண்டு மணித்தியாலம் மூத்தவளைக் கேட்டிருக்கிறார். தங்கை எடுத்து எடுத்துப் பார்த்து, கடைசியில் அம்மாவின் குரலையே பதிந்து அனுப்பியிருக்கிறாள். “சாப்பிட்டியோ” என்று அதில் மூன்று தரம் இருந்தது. அதை அவள் கேட்கும்போது அம்மா இல்லை.

கிடாரம் கூரையிலிருந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை. குச்சியைச் சுற்றி மூன்று அடி என்ற பாடம் எனக்கும் மனைவிக்கும்தான் தெரியும். மனைவி உள்ளே இருந்தாள். “மழை மேகம் விலகினாப்போல வந்திருக்குது” என்று நான்தான் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

கிரியைக்கு ஊர் போய்ச்சேர நேரமில்லாமல் மனைவி வீட்டிலேயே இருந்தாள். அடுத்த கிழமை முழுக்க விட்பி வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தபடி இருந்தார்கள். செத்தவீட்டில் அடுப்பெரிக்கக் கூடாதென்று ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்தார்கள். அக்காவும் வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், அதே குளிர்ச்சட்டை, கையில் இடியப்பமும் சொதியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரை இருக்கச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மனைவி எழும்பினாள்.

“எடுக்குமெண்டு சொன்னனீங்களல்லோ” என்றாள். “உங்கட சொல்லை நம்பித்தானே போனனான். என்ர அம்மா கூப்பிடக் கூப்பிட, உங்கட பெட்டிக்குக் கீழ விடியும்வரை இருந்தனான்.”

வீடு நிறையச் சனம். அக்கா இடியப்பச் சட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“விளக்கு என்ன நிறத்தில எரிஞ்சது, பிள்ளை?”

“பச்சை.”

“பச்சையெண்டாப் பெட்டி குழம்பி நிண்டிருக்காது.” அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “தம்பி, மேல எதையும் வைச்சனீங்களோ?”

அந்த இடத்தில் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். என்னை நம்புகிற முகம். ஓம் என்று சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதோடு சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ‘மேல’ என்று அக்கா கேட்டது எதையென்று அவர்களுக்கு விளங்கவில்லை, கிடாரம் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

“இல்லை” என்றேன்.

அக்கா உடனே தலையாட்டினார். ஒரு சந்தேகமும் இல்லை. தான் எதையும் மறைக்காதவர், நானும் மறைக்கமாட்டேன் என்றுதான் நினைத்திருப்பார்.

“அப்ப என்ர கைதான் எங்கையோ பிழைச்சிருக்குது” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை.”

மறுநாள் வந்து வாசலில் ஆர்வியின் கூரையில் ஏறினார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். வயரை முழுக்க மாற்றினார், பெட்டியை மாற்றினார், ரூஜ் பள்ளத்துக்குத் தனியாக ஓட்டிப்போய் வந்தார். எண் நன்றாகவே இருந்தது. அதுதான் அவரை வாட்டியது. பிழை அகப்பட்டிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். மூன்றாம் நாள் ஏணியை மடித்துக்கொண்டு, மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் வந்தார்.

“தம்பி, குறை சொல்லக் கேக்கேல்ல. ஒரு சாமானும், மறதியா எண்டாலும், மேல இருக்கேல்லையோ? காரணம் தெரிஞ்சா மற்ற ஆக்களுக்குச் சொல்லி வைக்கலாம், அதுக்குத்தான். எனக்கு நித்திரை இல்லை.”

சுற்றிவர ஒருவரும் இல்லை. மனைவி இல்லை, சங்கம் இல்லை. அவர் ஒருவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். அவர் அதை வெளியே விட்டிருக்கவும் மாட்டார்.

“ஒண்டும் வைக்கேல்ல, அக்கா.”

“சரி தம்பி” என்றார். “மனிசியைக் கவனமாப் பாருங்கோ. அவ சாப்பிடுறேல்ல போல கிடக்கு.”

சங்கத்துக் குரூப்பில் யாரோ இதைப் போட்டார்கள். கதை பரவியது. பிளாசாவில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் “அப்பவே சொன்னனாங்கள், பொம்பிளை செய்யிற வேலையோ” என்றார்களாம். அந்தக் கதை நடந்த இடத்தில் நானும் இரண்டொரு தரம் இருந்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். அக்காவின் வான் சில நாள் பிளாசாவில் நிற்கும், சில நாள் நிற்காது. பிறகு நான் அந்தப் பக்கம் போகாமல் விட்டேன். ஆர்வியையும் விற்றுவிட்டேன். மனைவி இன்றைக்கும் அந்தக் குரல் பதிவை வைத்திருக்கிறாள். கேட்கிற நாட்களில் அக்காவைத் திட்டுவாள், நான் அடுத்த அறைக்குப் போவேன். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் வாய்வரை வந்திருக்கிறது. ஒரு தரமும் வெளியே வரவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. போன மாதம், விட்பியிலிருந்து நகரத்துக்குப் போகிற ரயிலில் என் அலுவலகத்துப் பொடியன் ஒருவன் பக்கத்தில் வந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன், கெட்டிக்காரன். வான் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில் போட்டிருக்கிறான். மனைவிக்குப் பிள்ளைப்பேறு நெருங்குகிறது, அதற்கு முன் ஒருதரம் இரண்டு பேருமாக வடக்கே போய்வர ஆசை. அவசரத்துக்குப் போன் எடுக்க வேண்டும் என்பதற்காகப் பூஸ்டர் பூட்ட ஆள் தேடியிருக்கிறான்.

“அண்ணா, டோர்செட் பார்க்ல ஒரு அம்மா பண்றாங்க. ஆனா ஒரு மாதிரி விசித்திரமான அம்மாங்க. நான் வேலையைப் பத்தியே இன்னும் பேசல, அதுக்குள்ள அவங்களே சொல்றாங்க. என் வேலை ஒண்ணு தப்பாப் போய் ஒரு பொண்ணுக்கு அவங்க அம்மாவோட கடைசிப் பேச்சுக் கேக்காமப் போச்சு, ஏன் தப்பாச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல, அதைத் தெரிஞ்சுக்கிட்டு இஷ்டம்னா என்கிட்ட மாட்டிக்குங்கன்னு. வர்ற எல்லார்கிட்டயும் இதைத்தான் மொதல்ல சொல்றாங்களாம்.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஏரி தெரிந்தது.

“உங்க ஊர் ஆளுங்க தானே, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் போனை உருட்டிக்கொண்டிருந்தான். இறங்குமிடம் வர இன்னும் நேரம் இருந்தது.

“எனக்கு என்னவோ அவங்களைப் பிடிச்சிருந்துச்சுங்க. ஆனா வீட்ல பயப்படுறா. அவங்களே தன் தப்புன்னு சொல்றப்போ, அவங்க தப்பாத்தான் இருக்கணும், இல்லீங்களா அண்ணா?”

“ஓம்” என்றேன்.